தண்ணீர் ராக்கெட்டில் பாட்டில் ஏன் வெடிக்கிறது, ஏன் கிளம்ப மறுக்கிறது: முழுமையான வழிகாட்டி

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு மைதானம். ஞாயிறு காலை ஆறரை மணி இருக்கும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் தலைகீழாக ஸ்டாண்டில் நிற்கிறது, காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. கழுத்துப் பக்கம் புஸ்ஸென்று சத்தம். "ண்ணா, லீக் ஆவுது ண்ணா" என்று சொல்லிக்கொண்டே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிப்போய்க் குனிந்துவிட்டான். பாட்டிலுக்கும் அவன் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்று ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புதிய பையனும் லீக் என்றதும் அதே மாதிரிதான் குனிகிறான். அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் காற்றை அடைத்து விடுவித்தால், தண்ணீர் கீழே பீறிட்டு பாட்டில் மேலே பாயும், அதுதான் தண்ணீர் ராக்கெட். இதில் தனியாக மோட்டார் கிடையாது. பாட்டில்தான் மோட்டார். 60 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 4 பார் அழுத்தத்தில் அந்தச் சின்னக் கழுத்து வழியாகத் தண்ணீர் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வெளியேறும். முதல் கணத்துத் தள்ளுவிசை 30 கிலோ எடைக்குச் சமம். முழுத் தண்ணீரும் பத்தில் ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும். இவ்வளவு வேலையையும் கால் மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் உள்ள ஒரு பிளாஸ்டிக் சுவர் தாங்குகிறது.

புதியவர்கள் இறக்கையில் ஆரம்பிப்பார்கள், பிறகு பெயின்ட், பிறகு பெயர் எழுதுவது. அழுத்தம் பற்றிய யோசனை மைதானத்தில்தான் வரும். இங்கே வரிசை தலைகீழ். பாட்டில் முதலில், இறக்கை கடைசியில்.

1. மருந்து ராக்கெட் பக்கம் போக வேண்டாம்

தீபாவளிக்கு வாங்கிய ராக்கெட்டைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, அட்டைக் குழாயில் அடைத்து "பெரிய மோட்டார்" செய்யலாம் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பையன் வந்து கேட்கிறான். வேண்டாம். வெடிபொருள் சட்டம் 1884, வெடிபொருள் விதிகள் 2008 இரண்டின்படியும் உரிமம் இல்லாமல் இதைத் தயாரிப்பது குற்றம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மருந்து மோட்டார் எப்படி வெடிக்கிறது என்று தெரிந்தால் கை தானாகவே பின்வாங்கும். இறுக்கி அடைத்த மருந்தில் தீ ஒரு முகத்தில் மட்டும் பிடித்து, கட்டுப்பாடாக முன்னேற வேண்டும். மருந்தில் ஒரு விரிசல் இருந்தாலோ, அது குழாய்ச் சுவரைவிட்டு விலகியிருந்தாலோ, தீ அந்த இடுக்கில் புகுந்து எரியும் பரப்பு பல மடங்காகும். அழுத்தம் எகிறும், குழாய் கிழியும். தொழிற்சாலையில் செய்த மோட்டார்கூடக் கீழே விழுந்தாலோ, வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தாலோ இந்தக் கதிக்கு ஆளாகும். மாடல் ராக்கெட்காரர்கள் இதை 'கேட்டோ' என்பார்கள். கையால் அடைத்ததில் விரிசல் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பாட்டிலில் விரிசல் இருக்கிறதா என்பதையோ வெறும் தண்ணீரை வைத்தே சோதித்துவிடலாம். அது 6ஆம் படியில் வருகிறது.

2. மைதானமும் நேரமும்

கால்பந்து மைதானம் அளவுக்கு இடம் வேண்டும். வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் கால்பந்து ஆடுகிற மைதானங்களில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். தெருவும் வேண்டாம், மொட்டை மாடியும் வேண்டாம். தெருவில் மேலே மின்கம்பி ஓடுகிறது. மாடியிலோ ஆபத்து என்று வந்தால் பின்வாங்க இடமே இல்லை.

நேரம் காலை ஆறு முதல் ஏழரை. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து, நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கினால் கீழே வர 10 நொடி. காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால் ராக்கெட் 50 மீட்டர் தள்ளிப் போய் விழும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் அந்த 50 மீட்டரில் கன்டெய்னர் லாரி போகிற சாலை இருக்கலாம், தண்டவாளம் இருக்கலாம். கம்பியில் மாட்டிய ராக்கெட்டையும் தண்டவாளத்தில் விழுந்த ராக்கெட்டையும் போய் எடுக்கக் கூடாது. இதைப் பையன்களிடம் வீட்டிலேயே சொல்லி ஒத்துக்கொள்ள வைத்துவிடுங்கள். மைதானத்தில் சொன்னால் காதில் ஏறாது.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

அரை அங்குல வெள்ளை யுபிவிசி தண்ணீர்க் குழாய் இரண்டு அடி. கடையில் 'அரை இஞ்ச்' என்று மட்டும் கேட்டால் வெளிர் மஞ்சள் நிற சிபிவிசியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் வெளிவிட்டம் சுமார் 16 மிமீ. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 22 மிமீக்குக் கொஞ்சம் குறைவு. நமக்கு வேண்டியது 21.3 மிமீ வெளிவிட்டம் உள்ள யுபிவிசி. ஒரு காலி பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள். அதைவிட நிச்சயமான அளவுகோல் இல்லை.

அப்புறம் அந்தக் குழாயின் அடிமுனையை மூட ஒரு எண்ட் கேப், லீக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இரண்டு மூன்று, பத்துப் பன்னிரண்டு கேபிள் டை, அவற்றை மூடிப் பிடிக்க ஒன்றரை அங்குலக் குழாயில் ஒரு துண்டு. நூல் சுற்றிய தடித்த காற்று ஓஸ் ஆறு மீட்டர், அதற்குக் கிளிப், ஓஸைச் சொருகும் நிப்பிள், மூன்று வழி இணைப்பான டீ ஒன்று, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் பால் வால்வு (ball valve) ஒன்று, பைக் டியூப்லெஸ் வால்வு ஒன்று. அழுத்தம் காட்டும் கேஜ் உள்ள சைக்கிள் பம்ப். வெல்டிங் கடையில் கிடைக்கும், கண்ணுக்குப் பாதுகாப்பாகப் போடும் மூடிய கண்ணாடி இரண்டு.

கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. காசிமேடு, ராயபுரம் மாதிரிக் கடலோரத்தில் இரும்பு எதுவும் ஒரு மழைக்காலம் தாண்டாது. எங்கள் பம்பின் கேஜ் உள்ளே உப்பரித்து, முள் 40லேயே நின்றுகொண்டிருந்தது. பையன் அடித்துக்கொண்டே இருந்தான். பம்பின் கைப்பிடி இரும்பு மாதிரி கனத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு பைக் டயரில் எங்கள் கேஜையும் டயர் கடைக் கேஜையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். 3 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தால் புது கேஜ்தான்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பாட்டிலை நிரப்பவே கூடாது. கைப்பம்பில் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், நிறுத்த நேரம் கிடைக்கும். கம்ப்ரஸர் கண் இமைப்பதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்.

4. பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

கேஸ் ஏற்றிய குளிர்பான பாட்டில் மட்டும். அடியில் ஐந்து கால் மாதிரிப் புடைப்பு இருக்கும், உடல் உருண்டையாக இருக்கும். குடிநீர் பாட்டில், எண்ணெய் பாட்டில், ஜூஸ் பாட்டில் எதுவும் ஆகாது. அவை அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. உடலில் வரிவரியாக மடிப்பு உள்ள பாட்டில் அந்த மடிப்பிலேயே கிழியும்.

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். நசுங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். திரும்ப ஊதி நிமிர்த்தினாலும் அந்தக் கோடு போகாது. பிளாஸ்டிக் அங்கே ஏற்கெனவே இழுபட்டு பலவீனப்பட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இனி, நான் பார்த்தவற்றிலேயே அதிகம் நடக்கும் தவறு. லேபிளை உரித்த பிறகு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை பிளேடால் சுரண்டுவார்கள். நானும் அப்படிச் சுரண்டிய பாட்டில் ஒன்றை ஏற்றினேன். 55 பிஎஸ்ஐயில் வெடித்தது. கிழிசல் ஸ்கேல் வைத்து வரைந்தது போல நேராக, பசை இருந்த பட்டையோடு ஓடியிருந்தது. விரலால் தடவினால்கூட உணர முடியாத கீறல் அது. பசை இருந்தால் இருக்கட்டும், பறப்பதற்கு அது தடையில்லை. லேபிளைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் உரித்தால் போதும்.

வெந்நீர் ஊற்றிக் கழுவக் கூடாது. இந்த பிளாஸ்டிக் 70 டிகிரிக்கு மேல் இளகிச் சுருங்கும். அதே காரணத்தால் ஹாட் குளூவும் ஆகாது. உடனே ஒட்டும் பசை, பிவிசி சால்வென்ட், தின்னர் எதுவும் இதன்மேல் படக் கூடாது. மோட்டார் பாட்டிலில் எதையும் பசை வைத்து நேரடியாக ஒட்டுவதில்லை என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கையை எப்படி மாட்டுவது என்பதற்கு வேறு வழி இருக்கிறது, 7இல் சொல்கிறேன்.

5. ஸ்டாண்ட்: வால்வு எங்கே இருக்க வேண்டும்

பலர் டியூப்லெஸ் வால்வை எண்ட் கேப்பிலேயே துளையிட்டுப் பொருத்துகிறார்கள். செய்ய எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் அந்த வால்வு ஒருவழிப் பாதை. உள்ளே போன காற்று திரும்பி வராது. ராக்கெட் கிளம்பாமல் சிக்கிக்கொண்டால், 60 பிஎஸ்ஐ நிரம்பிய பாட்டிலின் அடியில் போய் உட்கார்ந்து வால்வின் பின்னை அழுத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஸ்டாண்டில் வால்வு கூடாது.

எண்ட் கேப்பில் வெறும் ஓஸ் நிப்பிள் மட்டும். அதிலிருந்து ஆறு மீட்டர் ஓஸ். ஓஸின் மறுமுனையில், நீங்கள் நிற்கும் இடத்தில் டீ. டீயின் ஒரு கையில் டியூப்லெஸ் வால்வு, அதில் பம்ப். இன்னொரு கையில் பால் வால்வு. பால் வால்வைத் திறந்தால் பாட்டிலில் உள்ள காற்று முழுக்க உங்கள் காலடியில் வெளியேறிவிடும். யாரும் பாட்டில் பக்கம் போக வேண்டியதில்லை.

பாட்டிலுக்குள் ஏறும் குழாய் 22 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். தலைகீழான இரண்டு லிட்டர் பாட்டிலில் 650 மில்லி தண்ணீர் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். குழாயின் வாய் அதற்கு மேலே இருந்தால்தான் காற்றை இறக்கும்போது ஓஸில் தண்ணீர் வராமல் காற்று வரும். நீளமான குழாய் கிளம்பும்போது ராக்கெட்டை நேராகவும் பிடித்துக்கொள்ளும்.

ஓ-ரிங் உட்காரக் குழாயின் வெளிப்பக்கம் வட்டமாக ஒரு பள்ளம் அரத்தால் அறுக்க வேண்டும். கழுத்து வந்து நிற்கிற இடத்தில், குழாய்ச் சுவரின் பாதி ஆழத்துக்கு மேல் போகாமல். 2 மிமீ தடிமன் ஓ-ரிங்குக்கு ஒன்றரை மிமீ பள்ளம் போதும். கழுத்து அதன்மேல் ஏறும்போது கொஞ்சம் இறுகிப் போக வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் லீக் ஆகும். பாட்டில் கழுத்துக்குச் சேதம் வரும் அளவுக்குத் திருகித் தள்ளினால்தான் ஏறுகிறது என்றால் பள்ளம் போதவில்லை. ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், எண்ணெய் வேண்டாம். எண்ணெயில் மணல் ஒட்டும்.

கேபிள் டைகளைக் குழாயைச் சுற்றி வரிசையாக நிறுத்தி, தலைகள் கழுத்தின் வளையத்துக்கு மேல் வந்து கொக்கி போலப் பிடிக்கும்படி வால்களைக் குழாயோடு கட்டுங்கள். ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டு ஒரு வளையம் போல மேலே ஏறி அந்தத் தலைகளை அமுக்கிப் பிடிக்கும். வளையம் கீழே இறங்கினால் தலைகள் விலகும், ராக்கெட் கிளம்பும்.

வளையத்தை இழுக்கும் கயிற்றை ஒரு பக்கம் மட்டும் கட்டாதீர்கள். மேசை டிராயரை ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்குமே, அதே கதைதான். வளையத்தின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இரண்டையும் கீழே ஒரு கொக்கி வழியாக விட்டு, ஒன்றாகச் சேர்த்து இழுங்கள். கிளம்ப மறுத்த ராக்கெட்டுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாற்றத்தில் சரியாகின.

குழாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிவிசிக்குள் காற்றழுத்தம் இருக்கும்போது அது உடைந்தால் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும். வெயிலில் கிடந்த குழாய் இன்னும் சீக்கிரம் நொறுங்கும். வெளியே தெரிகிற குழாய்ப் பகுதியைத் துணி டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஸ்டாண்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள்.

6. தண்ணீர்ச் சோதனை

ஒவ்வொரு புது பாட்டிலும் பறக்கும் முன் இதைக் கடக்க வேண்டும். பாட்டிலில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, அதன் பிறகு அழுத்தம் ஏற்றுவதுதான் சோதனை.

ஏன் நிறையத் தண்ணீர்? காற்று ஸ்பிரிங் மாதிரி. அமுக்க அமுக்க ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாட்டில் கிழிந்தால் அத்தனையும் ஒரே கணத்தில் வெளியே வரும். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் அது எதையும் சேர்த்து வைப்பதில்லை. முழுக்கத் தண்ணீர் இருக்கும் பாட்டில் கிழிந்தால் பொத்தென்று ஒரு சத்தம், தரை நனையும், அவ்வளவுதான். அதே அழுத்தத்தில் வெறும் காற்று நிரம்பிய பாட்டில் கிழிந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

முதலில் ஒரு நூலைப் பாட்டிலின் நடுவில் சுற்றி, சுற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை நேராக வைத்து நிரப்புங்கள். ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்துக் குழாயைப் பாட்டிலுக்குள் இறக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் வழியும், வழியட்டும். கேபிள் டைகளைப் பொருத்தி, வளையத்தை ஏற்றி, இரண்டையும் சேர்த்துத் திருப்பி நிறுத்துங்கள். மேலே ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். குழாயிலும் ஓஸிலும் இன்னும் ஒரு கையளவு காற்று இருக்கிறது. அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓஸின் மறுமுனைக்குப் போய்விடுங்கள்.

நாம் பறக்க விடப்போவது 60 பிஎஸ்ஐயில். சோதனை அதன் ஒன்றரை மடங்கில், 90இல். மெதுவாக ஏற்றி மூன்று நிமிடம் நிறுத்துங்கள். வேகமாக அடித்தால் காற்று சூடாகும், சூடு தணியும்போது முதல் நிமிடத்தில் முள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கும். இதை லீக் என்று நினைத்துப் பதற வேண்டாம். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் லீக்.

மூன்று நிமிடம் ஆனதும் பால் வால்வைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு பாட்டிலைக் கழற்றி, அதே நூலால் மறுபடி அளந்து பாருங்கள். அழுத்தத்தில் பாட்டில் கொஞ்சம் உப்புவது சகஜம், ஆனால் அழுத்தம் போனதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். சுற்றளவு கூடியே நின்றால் அந்த பாட்டில் வேண்டாம். கிழியவில்லையே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இழுபட்ட இடம் மெலிந்திருக்கிறது, அடுத்த முறை அங்கேதான் கிழியும்.

இந்தச் சோதனையைப் பையன்கள் போரடிக்கிறது என்பார்கள். முதல் தடவை ஒரு பாட்டில் சாக்குக்கு அடியில் கிழிவதைக் காட்டிவிடுங்கள். அதற்கென்றே நசுங்கிய பாட்டில் ஒன்றை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்த பிறகு யாரும் போரடிக்கிறது என்று சொன்னதில்லை.

7. இறக்கை, மூக்கு, பாராசூட்

இன்னொரு பாட்டிலின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, மோட்டார் பாட்டில் மேல் சட்டை மாதிரி மாட்டுங்கள். இறக்கைகளை அந்தச் சட்டையில்தான் ஒட்ட வேண்டும். விளம்பரத் தட்டி செய்யும் சன்பேக் அட்டை போதும். மூன்று இறக்கை, கழுத்துப் பக்கம், சம இடைவெளி. மோட்டார் பாட்டிலை மாற்றும்போது சட்டையைக் கழற்றி அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம்.

மூக்கில் பாதி டென்னிஸ் பந்து, உள்ளே களிமண் 50 முதல் 80 கிராம். பந்து எதற்கென்றால், பாராசூட் விரியாமல் தலைகீழாக வந்தாலும் கூர்முனை யார் மேலும் இறங்கக் கூடாது. தண்ணீர் இல்லாத ராக்கெட்டை அதன் எடை சமன்படும் புள்ளியில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. தடுமாறினால் மூக்கில் களிமண் கூட்டுங்கள்.

பாராசூட்டுக்குப் பழைய குடைத்துணி, கயிறுக்குக் காசிமேட்டில் வலை பின்னும் நைலான் நூல். மூக்கு வெறுமனே மேலே உட்கார்ந்திருக்க வேண்டும், இறுகக் கூடாது. சென்னை ஈரக்காற்றில் மூக்கு உட்காரும் அட்டை ஊறி உப்பும், இரவு லேசாகக் கழன்ற மூக்கு காலையில் இறுகியிருக்கும். மைதானத்தில் ஒருமுறை ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மூக்கு தானாக விழ வேண்டும்.

8. ஏவும் வரிசை

பால் வால்வைத் திறந்து வையுங்கள். பாட்டில் பக்கம் ஆள் இருக்கும்வரை அது திறந்தேதான் இருக்கும். 650 மில்லி தண்ணீரை ஊற்றி, ஸ்டாண்டில் ஏற்றி, வளையத்தை மேலே தள்ளுங்கள். ஸ்டாண்டை ஆணி அடித்துத் தரையில் பிடிக்க வையுங்கள்.

எல்லோரும் விலகிய பிறகு, பம்ப் அடிப்பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வால்வை மூட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் 15 மீட்டருக்கு அப்பால். பம்ப் அடிப்பவர் ஒருவர், கயிறு இழுப்பவர் ஒருவர். ஒருவரே இரண்டையும் செய்தால் கேஜைப் பார்க்க ஆள் இருக்காது.

20 பிஎஸ்ஐயில் நிறுத்துங்கள். லீக் இருந்தால் இங்கேயே தெரியும், இந்த அழுத்தத்தில் ஆபத்தும் குறைவு. லீக் என்றால் யாரும் குனியக் கூடாது. வால்வைத் திற, முள் பூஜ்யம் ஆகட்டும், அதன் பிறகு போய்ப் பார். பெரும்பாலும் ஓ-ரிங்கில் ஒட்டிய மணல் துணுக்காக இருக்கும்.

20இல் சரியாக நின்றால் 60 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கேஜ் முள்தான் உள்ளே நடப்பதை நமக்குச் சொல்கிற ஒரே ஆள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் நம் வடசென்னை மாடியிலிருந்தே பார்க்கலாம். 2025 மே 18 அதிகாலையில் போன பிஎஸ்எல்வி-சி61, கிளம்பியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்றாம் கட்ட மோட்டாரின் உள் அழுத்தம் குறைந்தது என்ற செய்தி அளவீட்டில்தான் வந்தது, திட்டம் அங்கேயே முடிந்துபோனது. மோட்டார் சின்னதோ பெரியதோ, அழுத்தம்தான் பேசும். அதனால் கேஜைப் பார்ப்பவர் வானத்தைப் பார்க்கக் கூடாது.

மேலே ஒருமுறை பார்த்து, உரக்க எண்ணி, கயிற்றை ஒரே இழுப்பாக இழுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் சில கேபிள் டை மட்டும் விடும், ராக்கெட் சாய்ந்துகொண்டு கிளம்பும்.

இறங்கிய பாட்டிலுக்குள் வெள்ளையாகப் புகை மாதிரி தெரியும். பாட்டில் சூடாகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். நேர்மாறாக, காற்று சட்டென்று விரிந்து குளிர்ந்ததால் வந்த பனி அது.

9. கிளம்பவில்லை என்றால்

கயிற்றை இழுத்தாயிற்று, வளையம் இறங்கிவிட்டது, ராக்கெட் அப்படியே நிற்கிறது. இந்த நேரத்தில்தான் கால் தானாக முன்னால் போகும். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும் என்று தோன்றும். தட்டினால் போகத்தான் செய்யும். தட்டியவரின் முகம் அதன் பாதையில் இருக்கும்.

வரிசை இதுதான். யாரும் நகரக் கூடாது. இன்னும் ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பால் வால்வைத் திறக்க வேண்டும். முள் பூஜ்யம் காட்டிய பிறகும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஓஸ் எங்காவது மடங்கியிருந்தால் கேஜ் பக்கம் பூஜ்யமும் பாட்டில் பக்கம் அழுத்தமும் இருக்கலாம். ஓஸை நின்ற இடத்திலிருந்தே உதறி, மடிப்பில்லை என்று பாருங்கள். மறுபடி சீறினால் இன்னும் காற்று இருக்கிறது. மருந்து மோட்டார் பற்றாமல் போனால் 60 நொடி காத்திருந்த பிறகே பக்கத்தில் போக வேண்டும் என்பது மாடல் ராக்கெட்காரர்களின் பாதுகாப்பு விதி. நாங்களும் அதே ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டோம். வாய்விட்டு எண்ணுகிறோம், பையன்கள் சேர்ந்து எண்ணுவார்கள்.

பிறகு பக்கவாட்டிலிருந்து போய், பாட்டிலை விரலால் அமுக்குங்கள். தளர்வாகக் குழிந்தால் காற்று இல்லை. கல் மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வளையம் கோணிக்கொண்டது, அல்லது கேபிள் டையின் தலை தேய்ந்து கழுத்து வளையத்தில் மாட்டிக்கொண்டது, அல்லது ஓ-ரிங் அளவுக்கு மீறி இறுகிவிட்டது. கேபிள் டைகளைப் பத்துப் பதினைந்து ஏவுதலுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுங்கள், ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் பிடி சமமாக இருக்காது.

இழுக்கும் முன்பே கிளம்பிவிடுவதும் உண்டு. வளையம் லூஸாக இருந்தால் அழுத்தம் ஏற ஏற டைகள் வெளியே வளைந்து விட்டுவிடும். வளையத்தின் உள்பக்கம் ஒரு சுற்று டேப் ஒட்டினால் சரியாகும். அதனால்தான் பம்ப் அடிக்கும் நேரம் முழுக்க, யாரும் ராக்கெட்டுக்கு மேலே கையையோ தலையையோ நீட்டக் கூடாது.

10. உடைந்த பாட்டிலைப் படிப்பது

வெடித்த பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள், துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். கிழிசல் எங்கே தொடங்கியது என்று தேடினால் அங்கே பிளாஸ்டிக் வெளுத்திருக்கும். அதுதான் ஆரம்பம், மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

உடலில் மேலும் கீழுமாக நேர்க்கோட்டுக் கிழிசல் என்றால் கீறல் அல்லது பழைய மடிப்பு. ஓரிடம் வட்டமாகச் சுருங்கி, அந்த விளிம்பில் கிழிந்திருந்தால் யாரோ சூடான பசை வைத்திருக்கிறார்கள். அடிப்பாகத்தில், ஐந்து கால்களும் சேரும் நடுவில் நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருந்தால் பல முறை தரையில் மோதியது காரணமாக இருக்கலாம், அல்லது காரமான சலவைத் தூளில் கழுவியது. தோள்பட்டையில், கழுத்துக்குச் சற்று மேலே கிழிந்திருந்தால் கேபிள் டையின் வெட்டிய நுனி உரசியிருக்கிறதா என்று பாருங்கள். டைகளை வெட்டிய பிறகு நுனியை உப்புத்தாளால் தேய்க்க மறந்தால் அது கத்தி மாதிரி நிற்கும். இதை நான் கண்டுபிடிக்க மூன்று பாட்டில் போயிற்று.

கிழியாமல் ஒரு பக்கம் மட்டும் உப்பி நின்றால் வெயில் பட்ட பக்கமா என்று யோசியுங்கள். காற்று ஏற்றிய பாட்டிலை "இருடா, போன் எடுத்துட்டு வரேன்" என்று வெயிலில் நிறுத்தி வைக்கும் பழக்கம் இருக்கிறது. ஏற்றினால் அரை நிமிடத்தில் விட வேண்டும், இல்லையென்றால் இறக்கிவிட வேண்டும்.

11. நோட்டும் ஓய்வும்

பாட்டில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். மார்க்கரால் எழுதாமல், இறக்கைச் சட்டை மாட்டிய பிறகும் தெரியும் இடத்தில் டேப் ஒட்டி அதில் எழுதுங்கள். நோட்டில் தேதி, பாட்டில் எண், எத்தனையாவது ஏவுதல், எத்தனை பிஎஸ்ஐ, என்ன ஆயிற்று என்று ஒரு வரி. அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கம் மோட்டார் கோளாறுகளை எழுதி அனுப்பத் தனிப் படிவமே வைத்திருக்கிறது. நமக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எங்கள் நோட்டைப் புரட்டியபோதுதான் பத்து முறை பறந்த பிறகு பாட்டில்கள் அடிக்கடி கெடுகின்றன என்று தெரிந்தது. அதனால் பத்தாவது ஏவுதலோடு எந்த பாட்டிலுக்கும் ஓய்வு, பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும்.

ஓய்வு கொடுத்த பாட்டிலை முழுசாக மூலையில் வைக்காதீர்கள். அடுத்த வாரம் ஒரு பாட்டில் குறைந்தால் யாராவது ஒரு பையன் அதைத்தான் எடுப்பான். கத்தரியால் கழுத்துக்குக் கீழே குறுக்காக இரண்டாக வெட்டுங்கள். நடுப்பகுதி அடுத்த ராக்கெட்டுக்கு இறக்கைச் சட்டை ஆகும். கழுத்துத் துண்டைக் கடைக்கு எடுத்துப் போனால் குழாய் அளவு பார்க்க உதவும்.